அடைத்த கதவின்மேல் ஓர் ஆணி

எங்கள் சாப்பாட்டறையின் மூன்று சுவர்களைப் பற்றி எவரும் எதுவும் சொன்னதில்லை. நான்காவது சுவர்தான் எங்களுக்குத் தலைவலி. அதன் இடப்பக்கத்தில் எரிவாயுக் குழாய் மேலிருந்து கீழ்வரை இறங்குகிறது; வலப்பக்கத்தில் சன்னல். இரண்டிற்கும் இடையே, சரியாக நடுவில் இல்லாமல், ஒரு முழம் இடப்புறம் தள்ளி, ஒரு கதவின் உருவம் தெரியும். கதவைச் செங்கல் வைத்து அடைத்து, பூசி, வண்ணமும் அடித்தாயிற்று. ஆயினும் அலெக்சாந்திரியாவின் உப்புக் காற்றுக்கு இரகசியம் காக்கத் தெரியாது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் பழைய சுவரும் புதிய செங்கல்லும் கூடும் இடத்தில் வண்ணம் உப்பி உதிரும். இரு நிலைகளும் மேல் விட்டமும் பென்சிலால் கோடிழுத்தாற்போல வெளிப்படும். மூன்று முறை வண்ணம் அடித்தேன்; மூன்று முறையும் கதவு திரும்பி வந்தது.

அந்தச் சுவருக்கு அப்பால் இருப்பது என் அண்ணன் லுத்ஃபியின் சாப்பாட்டறை. எங்கள் தந்தை காலத்தில் இந்தத் தளம் முழுவதும் ஒரே வீடு. இருவருக்கும் மணமானபின் இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். படிக்கட்டுப் பக்கம் தனித்தனி வாயில்கள் வைத்தோம்; ஆனால் சாப்பாட்டறைகளுக்கு இடையே இருந்த கதவை மட்டும் எவரும் சாத்தியதில்லை. நோன்பு மாதத்தில் அவர்கள் பக்கத்திலிருந்து சூப்பு வரும். எங்கள் பக்கத்திலிருந்து சோறு போகும். எங்கள் தாய் அண்ணன் பக்கத்தில் உறங்கி, என் பக்கத்தில் காபி குடிப்பார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகல் உறக்கத்தில் அவர் இறந்தார். அண்ணி சமீஹா உரிய நேரத்தில் மருத்துவரை அழைக்கவில்லை, அதனால்தான் இறந்தார் என்று நான் எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். துக்கம் கேட்க வந்தோரின் கையைப் பற்ற அண்ணன் தெருவில் போட்ட துக்கக் கூடாரத்தின் வாயிலில் நின்றபோது, அவருக்குப் பக்கத்தில் நிற்கவேண்டிய நான் எதிர்ப்பக்கத்தில் தனியே நின்றேன். வந்தவர்கள் யார் கையை முதலில் பற்றுவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். நாற்பதாம் நாள் கழிந்த மறுநாளே கொத்தனாரை அழைத்துக் கதவை அடைத்தேன்.

இத்தனை ஆண்டுகளில் அந்தச் சுவரை அழகுபடுத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. என் மகள் யும்னாவைப் பெண் கேட்டு ஆள் வந்தபின்தான் தோன்றியது.

மாப்பிள்ளை ஹாஸிம், யும்னா வேலை பார்க்கும் மருந்தகத்திலேயே மருந்தாளுநன். அவன் தாய் ஹாஜ்ஜா நஜாத் தமன்ஹூர்க்காரர். முதல் முறை வந்து, பார்த்து, மனநிறைவோடு சென்றார். வருகிற வியாழக்கிழமை ஃபாத்திஹா ஓதிச் சொல்லை உறுதி செய்வது என்று முடிவாயிற்று. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து நான் வந்து அமர்ந்ததும், என் மனைவி இனாயாத் தட்டைக்கூட வைக்காமல் தொடங்கினாள்.

"ஹாஜ்ஜாவை எந்த நாற்காலில உக்கார வச்சாலும் இந்தச் சுவர்தான் கண்ணுல படும். வியாழக்கிழமைக்குள்ள இதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

"உன் கண்ணாடி அலமாரியை இங்கே தள்ளிடலாமே."

"அதைத் தள்ளிப் பாக்காமலா சொல்றேன்? ஒரு சாண் அதிகம். இந்தப் பக்கம் குழாய் இடிக்குது, அந்தப் பக்கம் சன்னல் பாதி மறையுது. எங்கப்பா கல்யாணத்துக்குக் குடுத்தது. ரம்பம் வச்சு அறுக்கச் சொல்றீங்களா?"

"கண்ணாடி மாட்டலாம். பெரிசா, தங்கச் சட்டம் போட்டு."

"நல்லாருக்கும். சாப்பிடறவங்க எல்லாம் அவங்கவங்க வாயைப் பாத்துக்கிட்டே சாப்பிடலாம்."

யும்னா வாத்துத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு சன்னலோரம் சாய்ந்து நின்றாள். "சுவர் முழுக்க ஒட்டுற படம் இருக்கே, அது வாங்குங்க. பனிமலை, அருவி, ரெண்டு வாத்து. நாலாம் மாடில ஒட்டியிருக்காங்க. அருவிக்குக் கீழ உக்காந்து பொரிச்ச மீன் சாப்பிடறாங்க, பாவம், குளிரக்கூட இல்ல."

"நீ சும்மா இரு. மாமியார் வர்ற வீடு."

நான் மெதுவாகச் சொன்னேன்: "அம்மா படத்தை மாட்டலாம்."

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இனாயாத், "கறுப்பு நாடா கட்டின படத்தை நல்ல காரியம் நடக்கிற மேசைக்கு எதிரே மாட்டுவாங்களா?" என்றாள். அவள் குரல் தணிந்திருந்தது.

யும்னா எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்பா, இந்தச் சுவருக்கு அலங்காரம் ஒண்ணும் வேணாம். ஒரு நிமிஷம் வெளிய போய் அடுத்த கதவைத் தட்டுங்க. பெரியப்பா வந்து உக்காரட்டும். அவர் கை தூக்காம என் ஃபாத்திஹா ஓதினா அது எனக்கு ஓதின மாதிரியே இருக்காது."

"அவர் வரமாட்டார்."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா?"

"கூப்பிட முடியாது."

"ஆமாமா, மறந்துட்டேன். அவர்தான் மன்சூரால இருக்காரே. கால் வலி. பயணம் பண்ண முடியாது."

இனாயாத் தலையைத் திருப்பிக்கொண்டாள். முதல் சந்திப்பில் ஹாஜ்ஜா, குடும்பத்தில் மூத்தவர் எங்கே என்று கேட்டபோது, மன்சூரா நகரில் இருக்கிறார் என்று சொன்னவள் இனாயாத்தான். நான் மறுக்கவில்லை. மூத்தவர் உயிரோடிருக்க, இளையவன் பெண்ணைக் கொடுக்கும் சொல்லைச் சொல்வது எங்களிடையே வழக்கமன்று. அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. ஏழடி தூரத்தில் இருப்பவரை நூற்றைம்பது கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பிவிட்டோம்.

"நீங்க அவரைக் கூப்பிடலேன்னா, நானே போய்க் கூப்பிடுவேன்" என்றாள் யும்னா.

"நீ கூப்பிட்டா வந்துடுவார். ஆனா அது உனக்காக வர்றது. நான் கூப்பிடாம அவரை என் மேசைல நீ உக்கார வச்சா, அது அவருக்கு இன்னொரு அவமானம்."

அவள் நெடுநேரம் என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்கதான் கூப்பிடணும். வியாழக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பாக்கறேன்" என்று சொல்லி உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் இனாயாத்தும் அத்தாரீன் கடைத்தெருவுக்குச் சென்று, சுவரில் தொங்கவிடும் கம்பளம் ஒன்றை வாங்கினோம். நீல நிறத் தரை, அதில் ஒரு மரம், மரத்தில் பதினொரு பறவைகள். குழாயிலிருந்து சன்னல்வரை மறைக்கும் அகலம். கடைக்காரன் அதை இருவர் பிடிக்க விரித்துக் காட்டியபோது, "இதுக்குப் பின்னால ஒரு ஒட்டகமே நிக்கலாம், யாருக்கும் தெரியாது" என்றான். எனக்கு வேண்டியதும் அதுவே.

திங்கட்கிழமை மாலை ரஜப் மேஸ்திரி வந்தார். வண்ணம், ஆணி, குழாய், மின்கம்பி எல்லாம் அவர் கையால்தான் இந்தத் தெருவில் நடக்கும். சுவரின் முன் நின்று, வாயில் இரண்டு ஆணிகளைக் கவ்விக்கொண்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"இது சுவரே இல்ல, உஸ்தாத்."

"பின்னே என்ன?"

"கதவு. முக்காடு போட்டாலும் கதவு கதவுதான். நான் சொல்றதைக் கேளுங்க. மேலே ஒரு வளைவு கட்டி, நடுவில மூணு தட்டு வச்சு, உள்ள ஒரு சின்ன விளக்கு போட்டா, அரண்மனை மாதிரி இருக்கும். ஒளிச்சு வைக்கறதை விட்டுட்டு, எடுத்துக் காட்டுங்க."

"ரஜப், கம்பளத்தை மாட்டுங்க. போதும்."

"மாட்டறேன். கேக்காத ஆளுக்குத்தான் நான் எப்பவும் நல்ல யோசனை சொல்றது."

பித்தளைக் கோலைத் தாங்க நான்கு இடங்களில் ஆணி அடிக்கவேண்டியிருந்தது. முதல் ஆணி பழைய சுவரில் கெட்டியாக இறங்கியது. இரண்டாவது ஆணி அடைத்த பகுதியில் விழுந்தது. ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடியில் ஒலி மாறிற்று. செங்கல்லின் மொட்டை ஒலி நின்று, உள்ளே எதுவோ அதிர்ந்து முழங்கியது. மேஸ்திரி சுத்தியலை நிறுத்தி, காதைச் சுவரில் வைத்தார்.

"பின்னால மரம் இருக்கு. ஒத்தைச் செங்கல்லைக் குத்துக்கல்லா வச்சு அடைச்சிருக்காங்க. கதவைக் கழட்டவே இல்லியா?"

செங்கல் வைத்தது எங்கள் பக்கத்தில். அண்ணன் தம் பக்கத்துக் கதவை அன்றே கழற்றி எறிந்திருப்பார் என்றே ஒன்பது ஆண்டுகளாக எண்ணியிருந்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

மேஸ்திரி இன்னும் மூன்று முறை, அழுத்தமாக அடித்தார். அவர் கை இறங்கியதும் அப்பாலிருந்து விரைந்து வரும் காலடி கேட்டது. பிறகு, எங்கள் காதருகே நின்று கேட்பதுபோல, ஒரு பெண் குரல்:

"யாரு?"

சமீஹாவின் குரல். கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

மேஸ்திரி முகமெல்லாம் சிரிப்பாக வாயைத் திறந்தார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். இருவரும் மூச்சை அடக்கி நின்றோம்.

"யாரு அது? வஸ்ஃபியா?"

என் பெயரைச் சொன்னபோது குரல் தாழ்ந்திருந்தது. பிறகு காலடிகள் மெல்ல விலகிச் சென்றன. மேஸ்திரி என் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டார்.

"ஒரு பதில் சொல்லிருக்கலாமே, உஸ்தாத். ஒரு சலாம் சொன்னா சுவர் இடிஞ்சா போயிடும்?"

மீதி இரண்டு ஆணிகளையும் பழைய சுவர்ப் பகுதியிலேயே அடித்து, கம்பளத்தைத் தொங்கவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு போனார். கதவின் உருவம் முற்றிலும் மறைந்தது. பதினொரு பறவைகளும் அழகாகத்தான் இருந்தன. நான் அவற்றின் எதிரே அமர்ந்து, எவரிடமும் சொல்லாத ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாய் இறந்த அந்தப் பிற்பகல், அவர் முதலில் வந்தது என்னிடம். அந்தக் கதவு வழியாக வந்து, இதே மேசையின் ஓரத்தில் அமர்ந்து, நெஞ்சு இறுக்குகிறது என்றார். இனாயாத்தும் யும்னாவும் வெளியே சென்றிருந்தார்கள். நான் உண்டு முடித்துப் படுக்கப் போகும் நேரம். முலூக்கியாக் கீரையை அதிகம் சாப்பிட்டுவிட்டீர்கள், வாயுதான் என்று சொல்லி, சோம்புக் கஷாயம் ஒரு குவளை போட்டுக் கொடுத்தேன். ஏப்பம் விட்டு, என் தலையைத் தடவி, வந்த கதவு வழியாகவே திரும்பிச் சென்றார். இரண்டு மணி நேரத்தில் சமீஹா அலறியது கேட்டது. அந்த அலறல் அடங்குமுன் நான் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டேன். அது நான் அல்லேன் என்று காட்டுவதில் அவ்வளவு அவசரம் எனக்கு.

வியாழக்கிழமை வந்தது. அஸர் தொழுகைக்குப்பின் ஹாஜ்ஜா நஜாத்தும் ஹாஸிமும் அவன் தாய்மாமனும் வந்தார்கள். தாய்மாமன் அதிகம் பேசாதவர். இனிப்புப் பெட்டியை மடியிலிருந்து இறக்காமலே அமர்ந்திருந்தார். இனாயாத் எல்லாரையும் சாப்பாட்டறைக்கே அழைத்தாள். காபி வந்தது. ஹாஜ்ஜா கம்பளத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஷா அல்லாஹ். எத்தனை பறவை! புதுசா?"

"இல்ல, ரொம்ப நாளா..." என்று தொடங்கிய இனாயாத், ஹாஜ்ஜாவின் முகத்தைக் கண்டு, "புதுசுதான்" என்றாள்.

"நல்லாருக்கு." ஹாஜ்ஜா ஒரு மிடறு குடித்துக் கோப்பையை வைத்தார். "உஸ்தாத் வஸ்ஃபி, தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணு எடுக்கற இடத்தில அக்கம்பக்கம் விசாரிக்கறது நம்ம எல்லாருக்கும் உள்ள வழக்கம். நீங்களும் தமன்ஹூர்ல எங்களைப் பத்தி விசாரிச்சிருப்பீங்க."

"விசாரிச்சோம்" என்றேன்.

"நல்லது. திங்கட்கிழமை நானும் வந்தேன். பக்கத்து வீட்டுல கேளுங்கன்னு வாயில்காரர் மேல அனுப்பினார். அனுப்பிட்டு, 'உஸ்தாதோட கூடப் பொறந்த அண்ணன் வீடுதான்'னு வேற சொன்னார்." இனாயாத்தைத் திரும்பிப் பார்த்தார். "மன்சூரா ரொம்பக் கிட்ட வந்துடுச்சு போல. இப்ப படி ஏறினாப் போதும்."

இனாயாத் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். ஹாஸிம் தரையைப் பார்த்தான். யும்னா ஒருத்திதான் நிமிர்ந்து நின்றாள்.

"வெக்கப்படாதீங்கம்மா" என்றார் ஹாஜ்ஜா. "எந்த வீட்லதான் அடைச்ச கதவு இல்ல? எங்க வீட்டுல ரெண்டு இருக்கு. உங்க அண்ணி என்னை உக்கார வச்சு, காபி குடுத்தாங்க. 'அந்த வீட்டுப் பொண்ணு எப்படி'ன்னு கேட்டேன். 'எங்க பொண்ணை எங்ககிட்டயே கேக்கறீங்களே'ன்னு சிரிச்சாங்க. நாங்க பேசிட்டிருக்கும்போதே யாரோ கதவைத் தட்டினாங்க. வாசக் கதவு இல்ல, உள்ள இருக்கே, அந்தக் கதவு." அவர் விரல் கம்பளத்தின் நடுவை நேராகச் சுட்டியது. "அந்த அம்மா காபித் தட்டை அப்படியே வச்சுட்டு ஓடிப் போய் 'யாரு'ன்னாங்க. உங்க அண்ணன் எழுந்து நின்னுட்டார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கிட்டார். நின்னுக்கிட்டே இருந்தார், யாரும் வரலை."

சன்னலுக்கு வெளியே டிராம் ஒன்று மணியடித்துச் சென்றது.

"எனக்கு உங்க பொண்ணு வேணும்" என்றார் ஹாஜ்ஜா. "சண்டை எதுக்குன்னு நான் கேக்கலை. ஆனா, மூத்தவர் ஒரு சுவர் தள்ளி உக்காந்திருக்கையில, இளையவர் கையால பொண்ணை வாங்கிட்டுப் போனேன்னு ஊர்ல பேசக் கூடாது. போய்க் கூட்டிட்டு வாங்க. காபி ஆறினா ஆறட்டும்."

நான் எழுந்தேன். யும்னா வாசல்வரை வந்தாள். என் காலர் மடிப்பைச் சரி செய்துவிட்டாள்.

படிக்கட்டுத் தளத்தில் ஏழே அடி. மணியை அழுத்திய விரலை எடுக்குமுன் கதவு திறந்தது. சமீஹா அடர்பச்சை நிறத்தில் நல்ல உடை உடுத்தியிருந்தார். தலைத்துணியில் ஊசிகூடப் புதிது. "வாங்க" என்று மட்டும் சொல்லி ஒதுங்கி வழிவிட்டார்.

அண்ணன் சாப்பாட்டறையில் இருந்தார். வீட்டில் எப்போதும் நீண்ட அங்கியோடு இருப்பவர், சாம்பல் நிறக் கோட்டு அணிந்து, மெருகிட்ட காலணிகளோடு நாற்காலியில் நேராக அமர்ந்திருந்தார். தலைமுடி முழுவதும் நரைத்திருந்தது. படிக்கட்டில் தலை கவிழ்ந்து கடந்துபோன ஒன்பது ஆண்டுகளில் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. அவருக்குப் பின்னால் அந்தக் கதவு அப்படியே நின்றது. கைப்பிடி தேய்த்துப் பளபளத்தது. அதன் முன் எதையும் வைக்கவில்லை. சமீஹாவின் பெரிய கண்ணாடி அலமாரிகூட வேறு சுவரில், நடைவழியில் பாதியை அடைத்துக்கொண்டு, ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் போகமுடியும் என்னும்படி நின்றது. கதவின் மேற்பலகையில் அரிசி மணி அளவு ஆணியின் முனை வெளியே எட்டிப் பார்த்தது.

"யும்னா எப்படி இருக்கா?" என்றார்.

"உங்களைக் கேக்கறா. எல்லாரும் காத்திருக்காங்க. வாங்க, அண்ணா."

அவர் எழுந்தார். இரண்டு அடி வைத்து நின்றார்.

"என்கிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நமக்குள்ள ஆயிரம் இருக்கும். ஆனா உன் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு என்னைக் கூட்டிட்டுப் போ. அன்னிக்கு அவளைப் பத்தி ஊர் கேக்கச் சொன்னே. இப்ப யாரும் கேக்காம சொன்னாக்கூடப் போதும்."

நியாயமான விலை. நான் சமீஹாவின் பக்கம் திரும்பினேன்.

"அண்ணி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"சரி. முடிஞ்சுபோச்சு. வாங்க போகலாம்" என்றார் அவர் உடனே.

அத்துடன் நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கதவும், அந்தக் கைப்பிடியும், என் தாய் பற்றித் திறந்த அந்த இடமும் என் எதிரே இருந்தன.

"தப்புன்னா, தெரியாம பண்ணின தப்பு இல்ல. எனக்குத் தெரிஞ்சே..."

"போதும், வஸ்ஃபி. அங்க காத்திட்டிருக்காங்க."

சமீஹா என்மேல் இரக்கப்பட்டுத் தடுக்கிறார் என்று நினைத்தேன்.

"இல்ல, நான் சொல்லிடறேன். அம்மா அன்னிக்கு முதல்ல என்கிட்டதான் வந்தாங்க. நெஞ்சு இறுக்குதுன்னாங்க. நான் சோம்புக் கஷாயம் குடுத்து அனுப்பிட்டேன்."

"வஸ்ஃபி!" என்றார் சமீஹா. அது இரக்கமன்று, அச்சம் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"என்ன கஷாயம்?"

சமீஹா தலைத்துணியின் நுனியை விரலில் சுற்றினார்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். படுக்கும்போது அம்மா சொன்னாங்க. 'நெஞ்சை அடைச்சுது, வஸ்ஃபி கஷாயம் குடுத்தான், இப்ப பரவால்ல'ன்னாங்க. அதனாலதான் நானும் டாக்டரைக் கூப்பிடலை."

"ஒன்பது வருஷம்."

"உங்களுக்கு இருக்கறது ஒரே தம்பி. சொன்னா அதுவும் இல்லாம போயிடும். எனக்கு ஒரு பழிதானே, சுமந்துட்டுப் போறேன்னு நினைச்சேன்."

"பழி" என்று அண்ணன் மெதுவாகச் சொன்னார். "உன் தங்கச்சி கல்யாணத்துக்கு நாம போனப்ப, பெண்கள் எல்லாம் உன் மேசையை விட்டு எழுந்து போனாங்களே. அன்னிக்கும் உனக்குத் தெரியும்."

அண்ணன் இப்போது என் பக்கம் திரும்பினார். அவர் கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நீ துக்கத்தில பேசினேன்னு நினைச்சிட்டிருந்தேன். அம்மாமேல பாசம் உனக்கு அதிகம், அதான் தாங்கலைன்னு. இந்தக் கதவை நான் ஏன் கழட்டலை தெரியுமா? பாசத்தில அடைச்சவன் பாசத்தில திறப்பான்னு."

கோட்டின் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கோட்டை மடித்து நாற்காலியின் முதுகில் போட்டார்.

"அண்ணா, என்னைத் திட்டுங்க. அடிங்க. ஆனா பொண்ணு..."

"பொண்ணு ஒரு பாவமும் பண்ணலை." சமீஹாவிடம் சொன்னார்: "நீ போ. என் சொல்லை எடுத்துட்டுப் போ. 'லுத்ஃபி குடுத்தான்'னு சொல்லு. நான் வரலை."

"ஒரு கால் மணி நேரம் வந்து உக்காருங்களேன்..."

"அந்த மேசைல இவனுக்குப் பக்கத்தில எனக்குக் கை தூக்க வராது, சமீஹா. அல்லாஹ் முன்னால பொய்யா ஒரு ஆமீன் சொல்லவா? போங்க ரெண்டு பேரும். காபி ஆறிடும்."

நாங்கள் வெளியே வந்தோம். தளத்தில் சமீஹா ஒரு கணம் கைப்பிடிச் சுவரைப் பற்றி நின்று, கண்களைத் துடைத்து, தலைத்துணியைச் சரி செய்துகொண்டார்.

"நான் போதும்னு சொன்னேன்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு எனக்கு முன்னால் என் வீட்டினுள் நுழைந்தார்.

யும்னா ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் தோளுக்குமேல் வாசலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அவருக்குத் திடீர்னு தலை சுத்திடுச்சு, ஹாஜ்ஜா. இரத்த அழுத்தம்" என்றார் சமீஹா. "என்னை அனுப்பினார். 'லுத்ஃபி குடுத்தான், அல்லாஹ் பரக்கத் பண்ணட்டும்'னு அவர் வாயால சொல்லி அனுப்பினார்."

ஹாஜ்ஜா அவர் சிவந்த கண்களையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நெடுமூச்சு விட்டார். "மூத்தவர் சொல் வந்துடுச்சு. அது போதும். ஓதலாம்."

எல்லாரும் கைகளை ஏந்தினோம். தாய்மாமன்கூட இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்தார். அறை அமைதியாயிற்று. ஒவ்வொருவரும் தமக்குள் ஓதத் தொடங்கினார்கள். மூன்றாவது வசனத்தில் இருந்தேன். அப்போது அந்த ஒலி வந்தது.

கனமான எதுவோ கல்தரையில் இழுபடும் ஒலி. சிறிது இழுபட்டு நின்றது, மீண்டும் இழுபட்டது. இழுப்பவர் தனி ஆள் என்பதும், அவருக்கு வயதாகிவிட்டது என்பதும் அந்த இடைவெளிகளிலேயே தெரிந்தது. ஒலி அடுத்த வீட்டின் நடைவழிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு, சுவரையொட்டி, எங்களை நோக்கி வந்தது. அதனுடன், கண்ணாடித் தட்டுகளில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் மெல்லிய கிணுகிணுப்பும் வந்தது. பித்தளைக் கோல் அதிர்ந்தது. கம்பளத்தில் மரம் அசைந்தது. ஹாஸிம் கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்தான். அவன் தாய் பார்வையாலேயே அவனைத் தலைகுனிய வைத்தார்.

"ஆமீன்" என்றார் ஹாஜ்ஜா. எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டோம்.

ஒலி எங்கள் கதவுக்கு நேர்பின்னால் வந்து, மரத்தில் ஒருமுறை முட்டி, நின்றது.

சமீஹா கைகளை இன்னும் முகத்திலிருந்து எடுக்கவில்லை. எடுத்தபோது மீண்டும் அந்தச் சிரிப்பு இருந்தது.

"என்னோட கண்ணாடி அலமாரி" என்றார். "அதுக்கு இடம் சரியில்ல, வழியை அடைக்குதுன்னு நான்தான் ரொம்ப நாளா சொல்லிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் அவருக்கு நேரம் கிடைச்சிருக்கு."

"தலை சுத்தற மனுஷன் அலமாரியை இழுக்கறாரா?" என்று தாய்மாமன் முதன்முறையாக வாய் திறந்தார். ஹாஜ்ஜா அவர் காலை மேசைக்கடியில் மிதித்திருக்க வேண்டும். மாமன் உடனே பெட்டியைத் திறந்து இனிப்பை எல்லார்முன்னும் நீட்டினார்.

இனாயாத் குலவையிட்டாள். அவள் குரல் முதலில் உடைந்து, பிறகு உயர்ந்தது. யும்னா ரோஜாச் சர்பத்துத் தட்டை ஏந்தி ஒவ்வொருவரிடமும் வந்தாள். என் முன்னால் வந்ததும், சிவப்புக் குவளையை நான் எடுக்கும்வரை, கம்பளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர்கள் பக்கத்தில் எரிவாயுக் குழாய் கிடையாது, சன்னலும் கிடையாது. அலமாரி அங்கே சரியாகப் பொருந்தியிருக்கும்.